ஜீப்பு உயரத்துக்கு ஒரு பந்தல்

பந்தலுக்கு முன்னால் வந்து லொறி நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் கமுகுத் தூண். தூணில் கட்டிய வாழை மரம். மேலே கித்துல் ஓலைத் தோரணம், அதன் நடுவில் மாலை போட்ட அமைச்சரின் படம். லொறியின் கம்பிக் கூடு அந்தப் படத்தில் முட்டிக்கொண்டு நின்றது. லொறிக்குள்ளே தேயிலைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் பாக்கியம் படுத்திருந்தாள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்கு, மாசம் நிறையாமலே வலி கண்டுவிட்டது. இரத்தமும் போகத் தொடங்கியிருந்தது. கூட ஏறி வந்த பூமணி, தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அவளுக்கு அடியில் விரித்திருந்தாள்.

லொறி ஓட்டியவர் சோமே, கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துக்காரர். இறங்கி வந்து பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"கபண்ட! மேக்க கபண்ட!" என்று கத்தினார். வெட்டுங்கள், இதை வெட்டுங்கள் என்கிறார். அங்கே நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் தலைவரின் முகத்தைப் பார்த்தார்கள்.

தலைவர் என்று நான் சொல்வது சின்னையாவை. எங்கள் தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான் தலைவர். தேர்தல் வந்தால் எந்தச் சின்னத்துக்குப் போடுவது என்று சொல்வதும் அவர்தான்.

"என்ன சோமே, இப்பப் போயி வெட்டச் சொல்றீங்க? இந்தா வந்துருவாங்க. ஐயா படத்தக் கழட்டிக் கீழ வச்ச நேரம் பாத்து வந்துட்டா என்ன நெனைப்பாங்க?" என்றார் அவர்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன அமைச்சர் அவர். அப்போது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது.

நான் பந்தலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா நான். அன்றைக்கு, நடக்கத் தெரிந்த குழந்தைகளையெல்லாம் ரோட்டோரம் நிறுத்திக் கையில் காகிதக் கொடி கொடுக்கும்படி உத்தரவு. அதுகள் கொடியைத் தின்று முடித்து, பசிக்கு அழத் தொடங்கி ரொம்ப நேரமாகியிருந்தது.

ஆலாத்தித் தட்டோடு நின்றவர்களில் முதல் ஆள் தலைவரின் மனைவி ரெங்கம்மா. அவள் என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு சரோஜா. இப்ப வந்துருவாங்க" என்றாள். பிரசவ வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அளவுக்கு அன்றைக்கு அந்த அமைச்சர் பெரிய ஆள்.

யார் அளந்தது?

அந்தப் பந்தலை அவ்வளவு தாழ்வாகக் கட்டியது ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நம்பமாட்டீர்கள்.

அதற்கு முந்திய தடவை வேறொரு பெரியவர் வந்தபோது பந்தல் ரொம்ப உயரமாகிவிட்டதாம். ஜீப்பில் வந்தவருக்குத் தன் படம் கண்ணில் படவே இல்லையாம். அதற்காகத் தலைவர் திட்டு வாங்கினாராம். அதனால் இந்தத் தடவை ஜீப்பு உயரத்துக்கு மேல் ஒரு முழம் மட்டும் விட்டுக் கட்டச் சொல்லிவிட்டார். முதல் நாள் சாயங்காலம் ஆள் சேர்ந்து கட்டினார்கள். லொறி அப்போது மேல்கணக்கில், அதாவது மேல் டிவிஷனில், நின்றது.

தினமும் அந்த ரோட்டால்தான் கொழுந்து லொறி தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போகிறது. கட்டியவர்களில் பாதிப்பேர் அந்த லொறியில் சாக்கு ஏற்றுகிறவர்கள். அதன் கூட்டில் தலை இடித்துக்கொள்ளாதவன் ஒருவனும் கிடையாது. ஆனால் பந்தல் கட்டும்போது ஒருவனுக்காவது லொறி ஞாபகத்துக்கு வந்ததா? வரவில்லை. வருகிறவனின் ஜீப்புதான் அவர்கள் கண்ணுக்குள் இருந்தது.

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. படித்தவர்கள் இதற்கு என்னென்னவோ பேர் வைப்பார்கள். எங்கள் ஊரில் இதற்குப் பேர் கூறுகெட்டத்தனம்.

கானுக்குள்

ஒரு பக்கம் மண் மேடு, மறு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற ஆழமான கான். லொறி சுற்றிப் போக வழியில்லை. கடைசியில் நாங்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஒரு கம்பளியைக் கொண்டுவந்து, கம்பில் தூளி மாதிரிக் கட்டி, பாக்கியத்தை அதில் வைத்துத் தூக்கினோம். முன்னால் சோமே, பின்னால் நானும் பூமணியும் மாறி மாறி. பிள்ளைகளை ரெங்கம்மாவிடம் விட்டேன். ஒரு கையில் ஆலாத்தித் தட்டை வைத்துக்கொண்டு அவள் என்னை முறைத்தாள்.

பஸ் ரோடு வரைக்கும் இறக்கம். கல்லும் குழியுமான இறக்கம். பாக்கியம் கத்தக்கூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பாதி வழியில் ஹோர்ன் சத்தம் கேட்டது. வருகிறார்கள்! ஒன்றன் பின் ஒன்றாக வாகனங்கள். ஒதுங்குவதற்கு இடம் வேண்டுமே. முன்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் கையை வீசி "அயின் வென்ன, அயின் வென்ன" என்று ஒதுங்கச் சொல்லி விரட்டினான். நாங்கள் கானுக்குள் இறங்கினோம். முழங்கால் வரைக்கும் சேறு. தூளியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அமைச்சரின் ஜீப்பு எங்களுக்குப் பக்கத்தில் வந்தபோது மெதுவாகப் போனது. கண்ணாடியை இறக்கினார். எங்களைப் பார்த்தார். சிரித்தார். இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

நாங்கள் அவரை வரவேற்க அங்கே வந்து நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை உயிரோடு இல்லை. பெண் குழந்தை. பாக்கியம் பிழைத்தாள்.

சரி, அமைச்சர் எதற்காக வந்தார் என்று கேட்கமாட்டீர்களா? ரோட்டுக்கு அடிக்கல் நாட்ட வந்தார். வருகிற உள்ளூராட்சித் தேர்தலில் தன் ஆட்களை வெல்ல வைத்தால், பிரதேச சபை அந்த ரோட்டைப் போட்டுத் தரும் என்று பேசினார். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக எவ்வளவு வசதியாக இருக்கும் என்றும் பேசினாராம். கை தட்டினார்களாம்.

தூண்டிவிட்டது யார்?

இந்தப் பத்தியில் போன வாரம் எங்கள் தேர்தலைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கேகாலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். "கொழுந்து பறிக்கிற பெண்கள் தாங்களாகவே தேர்தலில் இறங்குவார்களா? யாரோ பின்னாலிருந்து தூண்டிவிட்டிருக்க வேண்டும்" என்கிறார். ஐயா, சுடுதண்ணியைக் காலில் ஊற்றினால் கத்துவதற்கு யாராவது தூண்டிவிட வேண்டுமா? உங்கள் காலில் ஊற்றிப் பாருங்களேன்.

கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை முன்பொரு தரம் பேட்டி எடுக்க வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, நல்ல பிள்ளை. "உங்களை அரசியலுக்குள் கொண்டுவந்த சித்தாந்தம் என்ன, அம்மா?" என்று கேட்டாள். "சித்தாந்தம் இல்லம்மா, பந்தல்" என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அந்தப் பதிலை அவள் எழுதிக்கொள்ளவே இல்லை.

எங்கள் அப்பாவுக்கு ஓட்டுக் கிடைத்தபோது நான் சின்னவள். அவர் இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டுத் தேயிலைக்கு உரம் போட்டு, தலை நரைத்த பிறகுதான் நீயும் இந்த நாட்டு ஆள்தான் என்று சொன்னார்கள். முதல் ஓட்டுப் போடுகிற அன்றைக்குக் குளித்து, விபூதி பூசி, கல்யாணத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்தவரிடம் அம்மா, "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

"யாருக்குன்னு தெரியல. தலைவரு சொன்னதுக்குப் போட்டேன்" என்றார்.

அம்மாவும் அந்தக் காலத்துத் தலைவர் சொன்னதற்குத்தான் போட்டுவிட்டு வந்திருந்தாள். இத்தனை காலம் காத்துக் கிடந்து வாங்கிய ஒன்றை, வாங்கிய கையோடு இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்களே என்று எனக்கு அவர்கள் மேல் கோபம் உண்டு. ஆனால் தலைவரைப் பகைத்துக்கொண்டால் மகளின் கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா, கூரைத் தகரம் மாற்றித் தருவார்களா என்ற பயம் அவர்களுக்கு. பயத்தின் மேல் கோபப்பட்டு என்ன செய்வது?

பீலிக்கரையில் ஒரு பேச்சு

பாக்கியம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மாசக்கணக்கில் யாரோடும் பேசவில்லை. மலைக்குப் போவாள், கொழுந்து நிறுப்பாள், வருவாள். கணவன் நல்லவன்தான், ஆனால் அவனும் பந்தல் கட்டப் போனவன். அவன் வாசலில் இருந்தால் அவள் பின்பக்கம் போய்விடுவாள்.

தேர்தல் நெருங்கியது. வடக்கில் துப்பாக்கிச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்திருந்த காலம். பலாங்கொடை டவுனுக்குப் போகிற எங்கள் பையன்களை பஸ்ஸிலிருந்து இறக்கி விசாரிப்பதும் குறைந்திருந்தது. அதனால் ஊரில் ஒரு தைரியம் வந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பின்னேரம் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்றோம். மலைத் தண்ணீர் குழாயில் விழுகிற இடத்தைப் பீலி என்போம். லயத்துப் பெண்களின் பாராளுமன்றம் அதுதான். இந்தத் தடவை எந்தச் சின்னம் என்று தலைவர் சொல்லிவிட்டதாக யாரோ பேச்செடுத்தார்கள். பாக்கியம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் எலெக்சன் கேக்கப் போறேன்" என்றாள்.

"என்னாது?" என்றாள் பூமணி.

"ஏன், காது கேக்கலியா? எலெக்சன் கேக்கப் போறேன்."

சிலர் சிரித்தார்கள். நான் அவளைத் தனியாகக் கூட்டிப் போய், "புள்ள போன துக்கத்துல பேசாத பாக்கியம், யோசிச்சுப் பேசு" என்றேன்.

"யோசிச்சுத்தான் பேசுறேன்க்கா. புள்ள போனது என் தலையெழுத்துன்னு ஊரே சொல்லுது. இருந்துட்டுப் போகட்டும். ஆனா கானுக்குள்ள என்னைத் தூக்கிக்கிட்டு நிக்கிறீங்க, அந்தாளு என்னைப் பாத்துக் கும்புட்டான் பாருங்க. அதுதான்க்கா வயித்துக்குள்ள கெடந்து எரியுது. கண்ணு முன்னால சாகக் கெடக்குறவ கூட அவனுக்கு மாலை போட வந்தவளாத்தான் தெரியுறா."

அதற்குப் பிறகு நான் யோசிக்கச் சொல்லவில்லை.

ஆளுக்கொரு காரணம்

மற்றவர்கள் ஏன் வந்தார்கள் என்றும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். எல்லாரும் பாக்கியத்துக்காகவே வந்தார்கள் என்று எழுதினால் அது பொய்.

பூமணி வந்தது, அவள் மாமியார் போகக்கூடாது என்று சொன்னதால். "அத்தை வேணாம்னாங்க, அப்பவே எனக்குக் காலு நிக்கல" என்று அவளே சொல்வாள். கூட்டம் என்று சொல்லி வெளியே வந்தால் அந்த ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

காளிமுத்து அண்ணன் வந்தது கோயில் காளாஞ்சிக்காக. திருவிழாவில் அவர் குடும்பத்துக்கு மரியாதையாக வரவேண்டிய காளாஞ்சித் தட்டை, தலைவர் தன் மச்சானுக்கு நீட்டிவிட்டார். அந்தக் கோபம் ஆறாமல் இருந்தவர், நாங்கள் சுயேச்சைக் குழு போடுகிறோம் என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்தார். தேங்காய்மூடிக்கும் வெற்றிலைக்கும் அரசியலா என்று சிரிக்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் மட்டம்தட்டப்பட்ட மனிதனுக்கு அது தேங்காய்மூடி இல்லை. எங்கள் குழுவில் ராப்பகலாக அலைந்தவர் அவர்தான்.

என்னைத் தங்கச்சி முறையில் நங்கி என்று கூப்பிடுகிற சோமேயிடம் நான் நேராகவே கேட்டேன். "ஒங்களுக்கு ஏன் இந்த வம்பு? நீங்க ஒங்க கிராமத்து ஆளுங்களோட இருக்கலாமே?"

"நான் ட்ரைவர் நே, நங்கி. ஏத்தின ஆளைக் கொண்டுபோய் விடணும். அன்னைக்கி ஏலாமப் போச்சு" என்றார் அவர்.

சோமேயின் கிராமத்து ரோட்டுக்குப் பிரதேச சபை கல் போட்டிருந்தது. அந்தக் கல் எங்கள் தோட்டத்து எல்லைக்கல் வரைக்கும் வந்து, அந்த இடத்தில் கத்தியால் வெட்டின மாதிரி நின்றது. அதற்கு இப்பால் எங்கள் குழியும் சேறும். எல்லைக்கு அந்தப் பக்கம் ரோடு கேட்க ஆள் இருக்கிறது, நம் பக்கம் ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்று நாங்கள் நம்பினோம். நம் ஆள் ஒருத்தி சபைக்குள் போனால் கல் எல்லையைத் தாண்டி வரும். இதுதான் எங்கள் கணக்கு. ரோடு வந்தால் ஆஸ்பத்திரி வண்டி லயத்து வாசலுக்கு வரும். இன்னொருத்தியைக் கம்பளியில் கட்டித் தூக்க வேண்டியதில்லை.

உடைந்த வளையல்

சுயேச்சைக் குழுவுக்குச் சின்னம் கொடுத்தார்கள். என்ன சின்னம்? குதிரை லாடம்! தோட்டத்தில் குதிரையைப் பார்த்த ஆள் ஒருவரும் இல்லை. வெள்ளைக்காரத் துரை காலத்தில் இருந்ததாம், துரையும் போச்சு, குதிரையும் போச்சு. படத்தைக் காட்டினால் பெண்கள், "என்னடி இது, ஒடைஞ்ச வளையலு?" என்றார்கள். "பொம்பளைப்புள்ளைங்க கிட்ட வந்து ஒடைஞ்ச வளையலுக்குப் போடச் சொல்றீங்களே, வாயில வேற நல்ல வார்த்தை வரலியா?" என்று ஒரு கிழவி எங்களை வாசலோடு துரத்திவிட்டாள்.

பாக்கியம் அடுத்த வாசலில் வேறு மாதிரிப் பேசினாள். "ஆமா, ஒடைஞ்ச வளையலுதான். யாரு ஒடைச்சான்னு ஒங்களுக்கே தெரியும்" என்றாள். அன்றிலிருந்து எல்லா லயத்திலும் அப்படியே சொன்னோம்.

எங்களை எதிர்த்து மிகவும் பாடுபட்டவள் ரெங்கம்மா. தலைவர் கூட அவ்வளவு பாடுபடவில்லை. நாங்கள் ஒரு லயத்திலிருந்து இறங்கினால் அவள் பின்னாலேயே ஏறுவாள். எனக்கு அவள் மேல் அப்போது இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் ஒன்று, அவள் பொய்க்குப் பேசவில்லை. ரோடு வரும் என்பதை அவள் மனதார நம்பினாள். அவள் மகளைப் பெண் பார்க்கக் கஹவத்தையிலிருந்து வந்தவர்கள் சேற்றில் நடந்து வந்து சேர்ந்தபோது, "அடுத்த தடவை வேன்ல வந்து வாசல்லயே எறங்கலாம் சம்பந்தி, எங்க வீட்டுக்காரரு பேசி முடிச்சுட்டாரு" என்று எங்கள் காதுபடச் சொன்னவள். அந்த மகளுக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடமும் போய்விட்டது. சம்பந்தி இன்னும் நடந்துதான் வருகிறார்.

பீலிக்கரையில் ஒருநாள் அவள் பாக்கியத்தை மறித்தாள்.

"செத்த புள்ளையக் காட்டி ஓட்டுக் கேக்குறியே, வெக்கமா இல்லியாடி ஒனக்கு?"

நான் என் குடத்தை வைத்துவிட்டு முன்னால் போனேன். பாக்கியம் மட்டும் நிதானமாக இருந்தாள்.

"இல்லக்கா. வெக்கப்பட வேண்டியவ நானில்ல."

"ரோடு வரத்தான்டி போவுது. அவரு எல்லாம் பேசிட்டாரு. நடுவுல நீங்க பூந்து கெடுக்காதீங்க."

"வரட்டும்க்கா. வந்தா நானும் அதுலதானே நடக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பாக்கியம் குடத்தைத் தூக்கிக்கொண்டாள்.

சபையில்

ஒரே ஒரு இடம் எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. பாக்கியம் மெம்பர் ஆனாள். அன்றைக்கு நாங்கள் போட்ட கூத்தை இங்கே எழுதப் போவதில்லை, எழுத மனமும் இல்லை. ஏனென்று இப்போது தெரிந்துவிடும்.

சபையின் ஆரம்பக் கூட்டங்களில் ஒன்றிலேயே ரோட்டுப் பேச்சை எடுத்துவிடுவது என்று முடிவு. நானும் கூடப் போனேன், பார்க்க வருகிறவர்களுக்கான வாங்கில் உட்கார்ந்தேன். பாக்கியம் எழுந்து நின்று சிங்களத்தில் பேசினாள். திக்காமல் பேசினாள். எங்கள் எல்லைக்கல் வரைக்கும் வந்திருக்கிற கல்லை மேல்கணக்கு லயம் வரைக்கும் கொண்டுவரவேண்டும் என்று கேட்டாள்.

சபையை நடத்துகிற தவிசாளர் கோபப்படவில்லை. அன்பாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் மோசம்.

"நங்கி, வத்த சபாவட்ட அயிதி நே. வத்த அத்துலே அபிட்ட கல் கேல்லக்வத் தாண்ட பே."

தோட்டம் சபைக்குச் சொந்தமில்லை, தோட்டத்துக்குள் ஒரு கல்லைக்கூட நாங்கள் போட முடியாது என்கிறார். ஏன் முடியாது என்று புரியாமல் பாக்கியம் நின்றாள். சபையில் வேலை செய்த யாழ்ப்பாணத்து கிளாக்கர் ஐயா எழுந்து வந்து தமிழில் விளக்கினார்.

"பிள்ளை, இது தவிசாளர் சொல்லுற விசயமில்லை, சட்டத்தில இருக்கிறது. தோட்டம் கொம்பனியின்ர பொறுப்பில இருக்கிற காணி. சபைக் காசை அதுக்குள்ள செலவழிக்கேலாது. ஆர் மெம்பரா வந்தாலும் இதுதான்."

நான் வாங்கிலிருந்து எழுந்துவிட்டேன். எங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. எங்கள் ஓட்டில்தான் பாதி மெம்பர்கள் உள்ளே இருக்கிறார்கள். ஆனால் எங்கள் வாசலுக்குக் கல் போடக்கூடாதாம். இந்தச் சட்டத்தைப் பல வருஷத்துக்குப் பிறகு திருத்திவிட்டார்கள், நல்லது. ஆனால் அன்றைக்கு அது சட்டம். அந்த அறையில் அது தெரியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

பாக்கியம் உட்காரவில்லை.

"எஹெனங் சந்தே இல்லன்ன வத்தட்ட என்னத் எப்பா நே" என்றாள். அப்படியானால் ஓட்டுக் கேட்கவும் தோட்டத்துக்குள் வரக்கூடாதுதானே?

அடுத்த விஷயத்துக்குப் போனார்கள். டவுன் மார்க்கெட்டின் கான் அடைத்துக்கொண்டதாம், அதைப் பற்றிப் பேசினார்கள்.

அதற்குப் பிறகு

பின்னேரம் பீலிக்கரையில் விஷயத்தைச் சொன்னோம். மறைக்க என்ன இருக்கிறது? பாக்கியமே சொன்னாள். ஒரு சொல்லைக் கூட மென்று விழுங்காமல் சொன்னாள்.

"அப்ப நம்ம எந்த ஊரு?" என்று கேட்டாள் பூமணி. காளிமுத்து அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைத் தூக்கினார்கள். இதோடு எங்கள் குழு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒரு ஓரமாக நின்று ரெங்கம்மாவும் எல்லாவற்றையும் கேட்டாள். எக்களிப்பாள், ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் குடம் நிறையும் முன்னமே அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் நான் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து பாதியில் வந்து பாக்கியம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். ரெங்கம்மா வந்தாள். தலை வாரவில்லை, முகமெல்லாம் வீங்கியிருந்தது.

"நேத்து வீட்டுக்குப் போயி அந்தாளு கிட்டக் கேட்டேன்" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பாக்கியத்தைப் பார்த்துச் சொன்னாள். "தோட்டத்துக்குள்ள சபை கல்லு போட முடியாதாமே, இது ஒங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன்."

"என்னா சொன்னாரு?" என்று கேட்டேன் நான்.

"தெரியுமாம்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் இறக்கவில்லை.

"மொதல்லேருந்தே தெரியுமாம் சரோஜா. அவனுக்குந் தெரியுமாம், வந்து போன பெரிய மனுசங்களுக்கெல்லாந் தெரியுமாம். அப்பறம் ஏன்யா ரோடு வரும், ரோடு வரும்னு சொன்னேன்னு கேட்டா, 'வராதுன்னு சொன்னா எவன்டி ஓட்டுப் போடுவான்?'னு என்னையே திருப்பிக் கேக்குறான். நான் எத்தினி வாசல்ல போயிச் சொல்லியிருப்பேன்! சம்பந்தி மூஞ்சியப் பாத்துச் சொன்னேனே! என்னையுமில்ல சேத்துப் பொய்க்காரியாக்கிட்டான்!"

அவள் தன் கணவரை 'அவன்' என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. லயத்தில் யாருமே கேட்டிருக்கமாட்டார்கள்.

பாக்கியம் ஆறுதல் சொல்லவில்லை. "இன்னைக்குச் சாயங்காலம் லயத்துப் பக்கம் போறோம். வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எதுக்குடி? எலெக்சன்தான் முடிஞ்சிருச்சே."

"சட்டத்த மாத்தச் சொல்லிக் கேக்கணும்ல. அதுக்கு ஆளு வேணும்."

ரெங்கம்மா யோசிக்கவே இல்லை.

வென்றபோது எங்களிடம் வராதவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்தார்கள். ஆசை காட்டி நாங்கள் கூப்பிட்டபோது கதவைச் சாத்தியவர்கள், ஏமாந்து போனோம் என்று தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். காளிமுத்து அண்ணனும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். லயம் லயமாகப் போனோம். அன்றைக்கு ஒவ்வொரு வாசலிலும் பேசியது நானோ பாக்கியமோ இல்லை, ரெங்கம்மாதான். "எங்க வீட்டுக்காரனுக்குத் தெரியுமாம்" என்றுதான் ஒவ்வொரு வாசலிலும் தொடங்கினாள்.

கடைசி லயத்தில் நடுக் காம்பரா தலைவர் வீடு. சின்னையா உள்ளே இருந்தார், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வாசலை விட்டுவிடலாம் என்று நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டு போய்த் தன் வாசலிலேயே நின்றாள். மற்ற வாசல்களில் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

ரேடியோ நின்றது.